உள்ளே போய் வெளியே வராத குண்டு

தமிழ் வாசகருக்கு வேட்டைத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அவர் தூக்கிக்கொண்டு அலைந்த ரைபிள். அதன் குண்டு 300 கிரெய்ன். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டரைப் பவுன் எடை. நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிர்முனையில் இருக்கும் ஒரு கலையைப் பற்றி. அங்கே குண்டின் எடை 25 கிரெய்ன். ஐந்து குண்டுகளைத் தராசில் போட்டால்தான் ஒரு பவுன் தேறும். குறுக்களவு நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இதை வைத்துக்கொண்டு நரி வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் தேர்ந்தெடுக்கும் பாங்கு தனி ரசனைக்குரியது.

இடம் வட அமெரிக்கா. விலங்குகள் நான்கு: கொயோட், செந்நரி, சாம்பல் நரி, பாப்கேட் என்ற காட்டுப்பூனை. கொயோட் நம் ஊர்க் குள்ளநரிக்கு உறவு, ஆனால் ஆள் கொஞ்சம் பெரிது. பத்திலிருந்து இருபது கிலோ வரை இருக்கும். நரிகள் நாலைந்து கிலோதான், குளிர்கால ரோமம் அவற்றை இரட்டிப்பாகக் காட்டும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அந்த ரோமம் முற்றி அடர்ந்து நிற்கும். சந்தை அதற்குத்தான்.

புலிக்குப் போகிறவனுக்குக் கேள்வி ஒன்றே ஒன்று: விழுமா, விழாதா? ரோமத்துக்குப் போகிறவனுக்கு இரண்டு. நின்ற இடத்திலேயே விழ வேண்டும், தோலும் கெடக்கூடாது. முதல் கேள்வி வலுவைக் கேட்கிறது, இரண்டாவது அடக்கத்தைக் கேட்கிறது. இந்த இழுபறியில்தான் எண்பது, தொண்ணூறு வருட அமெரிக்கத் தோட்டாச் சரித்திரத்தின் ஒரு கிளை முழுவதும் வளர்ந்தது.

தோல் வாங்குபவரின் மேசையருகே நின்று பார்த்தால் இது சட்டென்று விளங்கும். கொயோட் தோலை முதலில் உள்புறம் வெளியே தெரிய நீளமான சட்டத்தில் மாட்டிக் காயவைக்கிறார்கள். ஈரம் போனதும், முற்றிலும் விறைப்பதற்குள், திருப்பி ரோமம் வெளியே வரும்படி மறுபடியும் மாட்டுகிறார்கள். வாங்குபவர் அதைக் கையில் எடுத்ததும் மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு உதறு உதறுவார். முதுகு ரோமத்தை வாயால் ஊதி, அடியில் இருக்கும் மென்ரோமத்தின் அடர்த்தியைப் பார்ப்பார். பிறகு தோலுக்குள் கையை விட்டு விரலால் தடவிக்கொண்டே போவார். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ரோமம் மறைத்துவிடும். உள்ளே போன விரல் ஓரிடத்தில் நிற்கும். சுண்டுவிரல் நுழையாத துளை என்றால் பதப்படுத்துகிறவர் ஊசிநூலில் முடித்துவிடுவார், முகம் மாறாது. மூன்று விரல் சேர்ந்து வெளியே வந்துவிட்டால் பேரம் அத்தோடு வேறு தொகைக்கு இறங்கிவிடும். நரித்தோல் இன்னும் மெல்லியது, இன்னும் சுலபமாகக் கிழியும்.

ஆக, லட்சியம் இதுதான்: குண்டு பொடித் துளை வழியாக உள்ளே போக வேண்டும், மார்புக்குள் சிதற வேண்டும், தன் வேகம் முழுவதையும் அங்கேயே கரைத்துவிட வேண்டும், மறுபக்கம் வரவே கூடாது. உள்ளே போகும் துளை பெரும்பாலும் சிறியதுதான். தோலைக் கிழிப்பது வெளியே வரும் துளை.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்பதில்தான் கைவேலையின் அழகு இருக்கிறது. குண்டின் செம்பு உறையை மிக மெல்லியதாகச் செய்கிறார்கள். முனையில் ஒரு குழி, அல்லது குழிக்குள் செருகிய பிளாஸ்டிக் கூர். குழலின் உட்புறம் வெட்டிய சுருள்வரி குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வெட்டிய குழலில் நொடிக்கு 4,040 அடி வேகத்தில் போகும் குண்டு, அந்த ஒரு நொடிக் கணக்கில் ஐயாயிரத்துக்கும் மேல் சுழல்கிறது. காற்றில் போகும்வரை உறை தாக்குப்பிடிக்கும். உடலைத் தொட்டதும் முனை நசுங்கும், அந்தச் சுழற்சியே குண்டைப் பிய்த்தெறிந்துவிடும். உறை ஒரு இழை கூடிவிட்டால் குண்டு முழுசாக மறுபக்கம் போய்விடும். ஒரு இழை குறைந்துவிட்டால், தோள் எலும்பில் பட்ட மாத்திரத்தில் மேலேயே வெடித்து, தோலும் போய், விலங்கும் சாகாமல் அவதிப்படும். இரண்டாவதுதான் பெரிய பாவம். தோல் போனால் பணம்தான் நஷ்டம்.

இந்தத் தோட்டா வம்சத்துக்கு மூத்தவர் .22 ஹார்னெட். 1920களின் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் டவுன்சென்ட் வீலன், கிராஸ்வெனர் வோட்கின்ஸ் முதலானவர்கள் கரிமருந்துக் காலத்துப் பழைய தோட்டா ஒன்றை எடுத்துப் புகையில்லா மருந்தைப் போட்டுப் பரிசோதித்ததில் பிறந்தது. 1930ல் வின்செஸ்டர் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கென்று ஆலையில் செய்த ரைபிள் ஒன்றுகூடச் சந்தையில் இல்லை. ஆசைப்பட்டவர்கள் இருக்கிற துப்பாக்கியைத் துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்துக் குழலறையை மாற்றிக்கொண்டார்கள். பெண் பார்க்குமுன் தாலி செய்த கதை. 45 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,690 அடி. இன்றைக்கு மந்தம் என்பார்கள். நூற்றைம்பது கெஜத்துக்குள் வரும் நரிக்கு இதைவிடப் பாந்தமான தோட்டா எனக்குத் தெரியாது. சத்தமும் குறைவு, பக்கத்துப் பண்ணைக்காரர் தூக்கம் கெடாது.

ஹார்னெட்டுக்குப் பிறகு வேகப் பித்துப் பிடித்தது. 1935ல் வின்செஸ்டரின் .220 ஸ்விஃப்ட் 48 கிரெய்ன் குண்டை 4,110 அடி வேகத்தில் அனுப்பியது. குழலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்ற கெட்ட பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. .250 சாவேஜ் தோட்டாக் கூட்டின் கழுத்தைச் சுருக்கி உருவான .22-250, பல வருடம் பட்டறைத் தோட்டாவாகவே, அதாவது எந்த ஆலையும் தயாரிக்காமல் தனிஆட்கள் தாங்களே செய்துகொள்வதாகவே வாழ்ந்தது. 1965ல்தான் ரெமிங்டன் அதற்குப் பட்டம் கட்டியது. மேற்குச் சமவெளியில் முந்நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் கொயோட்டுக்கு அது ராஜா. கிட்டத்தில் வந்த நரிக்கு அதே தோட்டாவைப் போட்டால் தோலில் மிச்சம் என்ன இருக்கும் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

என் மனசு .222 ரெமிங்டனிடம். 1950ல் ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர் வடிவமைத்தது. அதுவரை வந்த சிறுதோட்டாக்களில் பெரும்பாலானவை ஏதாவது பழைய கூட்டைக் குறுக்கியோ நெரித்தோ செய்தவை. இவர் புதிதாகவே வரைந்தார். அளவான உடம்பு, நீண்ட கழுத்து, 50 கிரெய்ன் குண்டு, 3,140 அடி. வந்த சில வருடங்களிலேயே மேசையில் சாய்த்து வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளை அது கைப்பற்றிக்கொண்டு, எழுபதுகளின் நடு வரைக்கும் விடவில்லை. எங்கே வைக்கிறோமோ அங்கே போய் உட்காரும் குண்டு என்றால் சின்னக் குண்டே போதும் என்ற நம்பிக்கை வேட்டைக்காரர்களுக்கு வந்தது இதனால்தான். பிறகு இதன் வயிற்றில் பிறந்த .223, ராணுவத்தின் செல்லப்பிள்ளையாகி, மலிவாகக் கிடைக்கத் தொடங்கி, பெற்றவளையே ஓரங்கட்டிவிட்டது. .223ஐக் குறை சொல்ல எதுவுமில்லை. எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும் என்பது சாதாரண சௌகரியமல்ல. ஆனால் ரசனை வேறு, சௌகரியம் வேறு.

25 கிரெய்ன் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது .17 ரெமிங்டன். 1971ல் வந்தது. கூட்டுக்குள் இருக்கும் மருந்தின் எடையும் குண்டின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று! தோளில் உதைப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சுட்ட பிறகும் ஸ்கோப் குறியை விட்டு விலகாது, குண்டு பட்டதைச் சுட்டவரே கண்ணால் பார்க்கலாம். நரியின் நெஞ்சில் பட்டால் போன துளையை ரோமத்துக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குணம் இருந்தால் குற்றமும் இருக்கும். காற்றடித்தால் குண்டு தடுமாறும். வயோமிங்கில் காற்றடிக்காத நாள் அபூர்வம். குழல் அத்தனை குறுகலானதால் செம்புப் படிவு சீக்கிரம் சேர்ந்து குறி கலையும். துடைக்கும் கம்பியோ வளைகிற மெல்லிசு. இருபது, முப்பது சூட்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து துடைக்கப் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

இந்த வேட்டை பெரும்பாலும் தேடிப் போகிற வேட்டையல்ல, கூப்பிட்டு வரவழைப்பது. அடிபட்ட முயல் கதறுவது போல ஊதுகுழலில் ஊதுவார்கள். டெக்சாஸில் மார்பிள் ஃபால்ஸ் ஊரின் பர்னம் சகோதரர்கள் இந்தக் குழல்களாலேயே பெயர் எடுத்தவர்கள். கூப்பிட்டால் வருகிற விருந்தாளி எந்தத் தூரத்தில் தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. புதரடர்ந்த கிழக்கு மாநிலங்களில் இருபது கெஜத்தில் திடீரென்று முளைக்கும். அங்கே ரைபிள் உதவாது, 12 கேஜ் ரவைத் துப்பாக்கி வேண்டும். நம் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் பால்ரஸ் என்பார்களே, அந்த மாதிரி உருண்டைகள். நரிக்கு 'பிபி' என்ற 4.6 மில்லிமீட்டர் ரவை போதும். கொயோட்டுக்கு நான்காம் எண் பக்ஷாட், ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர், வழக்கமான தோட்டாவில் 27 உருண்டை. நாற்பது கெஜத்தைத் தாண்டினால் இரண்டையும் நம்பக்கூடாது. தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரியாதவர் கையில் இருக்கும் ரவைத் துப்பாக்கி விலங்கைக் கொல்லாது, காயப்படுத்தி அனுப்பும்.

ரைபிளையும் ரவைத் துப்பாக்கியையும் ஒன்றாக்கிய சாவேஜ் 24 என்ற துப்பாக்கியைப் பழைய ஆட்கள் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். மேலே .222 ரைபிள் குழல், கீழே 20 கேஜ் ரவைக் குழல், எதைச் சுடுவது என்பதற்குச் சுத்தியலில் ஒரு சின்னத் திருப்பி. கரடுமுரடான பொருள்தான், ஆனால் கேள்விக்குச் சரியான பதில். இப்போது தயாரிப்பில் இல்லை.

பாப்கேட்டின் கணக்கு தனி. அதன் விலை முழுவதும் வெள்ளை வயிற்றின் கரும்புள்ளிகளில் இருக்கிறது. அந்தப் பக்கம் குண்டு போகவே கூடாது. நல்லவேளை, பூனை அவசரப்படாது. புதரோரம் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். கிட்டத்தில் அமர்ந்த பூனைக்கு .22 மேக்னமே தாராளம்.

ரைபிள்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிரோட் ஊரில் செய்யப்பட்ட சிஇசட் 527. பெரும்பாலான நிறுவனங்கள் பெரிய தோட்டாவுக்குச் செய்த எந்திரத்திலேயே சின்னத் தோட்டாவையும் திணிக்கும். இவர்களோ மவுசர் எந்திரத்தையே சின்னத் தோட்டாவின் அளவுக்குக் குறுக்கிச் செய்தார்கள். போல்ட்டைப் பின்னால் இழுத்தால் சுருக்கமாக வந்து நிற்கும். முன்னால் தள்ளினால் கொக்கி தோட்டாவின் விளிம்பைக் கவ்விக்கொண்டு போவது கைக்குத் தெரியும். விசையை விரலால் முன்பக்கம் தள்ளினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு தொட்டாலே போதும். சேஃப்டி மட்டும் ஊரெல்லாம் ஒரு பக்கம் என்றால் இது எதிர்ப்பக்கம்: பின்னால் இழுத்தால்தான் சுடும். குளிரில் விறைத்த கட்டைவிரல் இதில் குழம்பும். 2021ல் இதன் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

காலம் இந்தக் கலைக்குச் சாதகமாக இல்லை. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ரோம ஏலத்துக்கு வாரிசான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்ஷன்ஸ் 2019ல் கடனில் மூழ்கியது. குளிர்ச்சட்டைத் தொப்பிகளில் கொயோட் ரோமம் வைத்துத் தைத்த கனடா கூஸ், 2021ல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பும் வெள்ளீயமும் பொடித்து அடைத்த குண்டுகள் வந்திருக்கின்றன, சின்ன அளவுகளில் அவற்றின் நடத்தையைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. ஈயம் தின்று கழுகு சாவதைவிட அந்தச் சிரமம் மேல். என் வருத்தம் வேறு. தோலுக்கு விலை இல்லாமல் போனதும் தோலைக் காப்பாற்றும் அக்கறையும் போய்விட்டது. பெரிய தோட்டா, வெப்பத்தைக் காட்டும் இரவு ஸ்கோப், சுட்ட விலங்கை வயலிலேயே போட்டுவிட்டுப் போவது என்று ஆகிவிட்டது. கொன்றதை உபயோகிக்காத வேட்டையில் எனக்கு ரசிக்க ஒன்றுமில்லை.

தீர்ப்பு கேட்டால்: நரிக்கு .17 ரெமிங்டன், காற்றில்லாத நாளில். கொயோட்டுக்கு .223, திறந்தவெளி என்றால் .22-250. எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் .222, அதுவும் 527ல் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இந்தியாவில் 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரி வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. பார்த்து ரசிக்கத் தடையில்லை. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் யெல்லோஸ்டோன் பூங்காவைத் தவறவிடுவதில்லை. அதன் கிழக்கு வாசலிலிருந்து ஐம்பது மைல் போனால் கோடி நகரம். அங்கே பஃபலோ பில் மையத்தில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் நிறுவனத்தின் பழைய சேகரிப்பு இருக்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள். பெரிய துப்பாக்கிகள் இருக்கும் பக்கம் கூட்டமாக இருக்கும், அதை விட்டுவிட்டுச் சின்னத் தோட்டாக்களைத் தேடிப் பாருங்கள்.