பின்வரிசை ஜாம்பியின் அரை நொடி

சின்ன பட்ஜெட் ஜாம்பி படம் ஒன்று வெளியானால் போதும், ரசிகர்கள் முதலில் கை வைப்பது மேக்கப்பில்தான். கழுத்தருகே லேடெக்ஸ் உரிந்து நிற்கிறது, ரத்தம் ஜாம் மாதிரி இருக்கிறது, இருபது பேரையே சுற்றிச் சுற்றிக் காட்டிக் கூட்டம் என்கிறார்கள் என்று ஒரு தரப்பு குறை சொல்லும். இன்னொரு தரப்பு, இந்தக் காசில் இவ்வளவு செய்ததே பெரிய விஷயம் என்று தட்டிக்கொடுக்கும். இரண்டு தரப்பும் அளப்பது பணத்தைத்தான், படத்தை அல்ல. இந்த வகைப் படத்தை நிறுத்துவதும் கவிழ்ப்பதும் பின்வரிசையில் சம்பளமில்லாமல் நடந்து வரும் ஒரு துணை நடிகர். இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஒரு சத்தம் கேட்டதும் அவர் எப்போது தலையைத் திருப்புகிறார் என்பது.

காட்சி இப்படி என்று வைத்துக்கொள்வோம். இருட்டு வீட்டில் ஒருத்தி கால் இடறி பாட்டிலைத் தள்ளிவிடுகிறாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஜாம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்ப வேண்டும். ஒத்திகையில் ஐந்து முறை பாட்டில் விழுந்ததைப் பார்த்திருக்கும் நடிகருக்கு அது எப்போது விழும் என்பது தெரியும். அதனால் பாட்டில் தரையைத் தொடும் அதே கணத்தில் அவர் கழுத்து அசைந்துவிடுகிறது. ஒரு செத்த உடம்புக்கு அடுத்து நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றால் படம் அங்கேயே முடிந்தது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ செயற்கையாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். உடனே பழியை மேக்கப் மீது போடுவார். அதே நடிகர் சத்தம் கேட்ட பிறகு அரை நொடி சும்மா நின்று, முதலில் தோள், பிறகு தலை என்று திரும்பினால், முகத்தில் பவுடர் மட்டும் பூசியிருந்தாலும் நமக்கு வயிற்றைப் பிசையும். அந்த அரை நொடியை எந்த பட்ஜெட்டாலும் கடையில் வாங்க முடியாது.

இந்த வகைக்கே தாயான படத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பக்கத்தில் கருப்பு வெள்ளையில் எடுத்து 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', சுமார் 1,14,000 டாலர் செலவில் முடிந்தது. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப் பயன்படுத்திய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது கல்லறைக் காட்சியை. கோட் போட்ட ஒருவர் தூரத்தில், சட்டகத்தின் ஓரத்தில், சும்மா நடந்துகொண்டிருக்கிறார். இசை அவரைச் சுட்டிக்காட்டவில்லை, மேக்கப்பும் பேருக்குத்தான். கல்லறைக்கு வந்த அண்ணனும் தங்கையும் அவரைப் பொருட்படுத்தவில்லை, நாமும் பொருட்படுத்துவதில்லை. பிறகு அவர் பாய்ந்து தாக்க, தங்கை ஓடிப்போய் காருக்குள் ஒளிகிறாள். அவர் கதவை இழுக்கிறார், வரவில்லை. கண்ணாடியைக் கையால் அடிக்கிறார், உடையவில்லை. அப்புறம் ஒரு கல்லை எடுத்து வந்து உடைக்கிறார். இழுத்தது, அடித்தது, கல்லுக்குப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த நடிகர் விடும் சின்ன இடைவெளியில்தான் பயம் இருக்கிறது. அந்த உடம்புக்குள் மிச்சமிருக்கும் ஏதோ ஒன்று மெல்ல வழி தேடுகிறது என்பதை வசனமில்லாமல் புரியவைத்துவிடுகிறார். ஜாம்பி என்றால் மெதுவாகத்தான் நடக்கும், கருவியைத் தொடாது என்ற சட்டமெல்லாம் பின்னால் வந்த ரசிகர்கள் எழுதியது. இவர் காருக்குப் பின்னால் வேகமாகவே வருகிறார். ஆகவே, மெதுவாக நடப்பதும் ஏழ்மையை மறைக்கும் உத்திதானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேகம் பிரச்சினையே அல்ல, தாமதம்தான் விஷயம்.

ஜெயித்த படங்களை மட்டும் எடுத்துப் பேசுகிறாயே, பார்க்கவே முடியாத நூறு படங்களை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவற்றின் பெரும்பாலான குறைகள் பணத்தால் வந்தவை அல்ல என்பதே என் வாதம். துணை நடிகரை நம்பாத இயக்குநர் கேமராவை ஆட்டுகிறார், விளக்கை அணைக்கிறார், ஒரு நொடிக்கு ஒரு கட் போடுகிறார். மார்க் பிரைஸ் வெறும் 45 பவுண்டில் எடுத்ததாகச் சொல்லப்படும் 'காலின்' (2008) படத்திலேயே இரண்டு பக்கமும் தெரியும். ஜாம்பியே கதாநாயகன், வீட்டார் அவனை அம்மாவிடம் கூட்டிப்போகும் பகுதியில், அடையாளம் தெரிகிறதா இல்லையா என்று முடிவெடுக்காமலே நிற்கும் அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கூட்டச் சண்டைகளில் கேமரா குலுங்கத் தொடங்கியதும் யார் யாரைக் கடிக்கிறார் என்றே புரியவில்லை. ஒரே படம், ஒரே பணம். நடிகரை நம்பிய இடம் நிற்கிறது, நம்பாத இடம் விழுகிறது. ஒலி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கிறேன். கேமரா மைக்கில் பதிவான, சுவரில் மோதி எதிரொலிக்கும் வசனத்தை எந்த நடிகராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் 6,000 டாலரில் எடுத்த 'தி பேட்டரி' (2012) அந்த ஒலியையே ஆயுதமாக்கியது. காருக்குள் மாட்டிக்கொண்டவர்களை நீண்ட நேரம் வெட்டாமல் காட்டும் காட்சியில், வெளியே நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்குத்தான் அதிகம் தெரிகிறார்கள்.

துணை நடிகரின் உடல் அசைவில்தான் விஷயம் இருக்கிறது என்பது பணம் இருப்பவர்களுக்கும் தெரியும். 'தி வாக்கிங் டெட்' தொடருக்குத் துணை நடிகர்களை வரவழைத்து ஜாம்பிப் பள்ளியே நடத்தினார்கள். நடை நன்றாக வந்தவர்களைத்தான் கேமராவுக்கு அருகில் நிறுத்தினார்கள். 'ட்ரெய்ன் டு பூசான்' (2016) படத்துக்கு நடன ஆசிரியர் ஒருவர் உடல் அசைவைச் சொல்லிக்கொடுத்தார். பள்ளி நடத்தப் பணம் வேண்டுமே என்பார்கள். ஷினிசிரோ உவேதா சுமார் 30 லட்சம் யென்னில், நடிப்புப் பயிற்சிப் பட்டறையில் இருந்த பெயர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017) அதற்குப் பதில். 37 நிமிடம் ஒரே ஷாட். அதில் வரும் அசட்டு மௌனங்களையும் தடுமாற்றங்களையும் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்துபோனவர்கள், அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்ததை அறியாமலே போய்விட்டார்கள். பல மாத ஒத்திகைதான் அந்தப் படத்தின் முதலீடு.

இனி என்ன நடக்கும்? 2025இல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' பெரிய பட்ஜெட் படம். பெரும்பகுதியை ஐபோனில் எடுத்தார்கள். கேமரா வித்தியாசம் கிட்டத்தட்டப் போய்விட்டது. அடுத்து, ஆயிரம் ஜாம்பிகளைக் கணினியே இலவசமாக வரைந்து தரும், எல்லாப் படத்திலும் கடல் மாதிரி கூட்டம் வரும், இரண்டே வருடத்தில் ரசிகர்களுக்கு அது சலித்துவிடும். அப்போது ஜெயிக்கப்போவது பத்துக்கும் குறைவான ஜாம்பிகளை வைத்து, பட்டப்பகலில், கேமராவை ஆட்டாமல் எடுத்த ஒரு படம் என்பது என் கணிப்பு. இந்த வகையில் அதிகம் படமெடுக்காத மொழியிலிருந்து அது வரும் என்றும் எதிர்பார்க்கிறேன். தமிழில் 2016இல் 'மிருதன்' வந்தது. ஆனால் அது ஸ்டார் படம், சின்ன பட்ஜெட் ஆட்டத்துக்கு இங்கே மைதானம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. குறும்படம் எடுத்துப் பழகிய இளைஞர்கள் இறங்குவதாக இருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரத்தத்துக்கும் லேடெக்ஸுக்கும் ஒதுக்கிய காசில் பாதியை எடுத்து, பின்வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு டீயும் டிபனும் வாங்கிக் கொடுத்து, இன்னும் ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். பாட்டிலை எப்போது தள்ளப்போகிறீர்கள் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லாதீர்கள்.