எடைக்குப் போடாததும் ஏறக்கட்டாததும்

தமிழ்நாட்டு வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள் வெளியேற வேண்டுமானால் அதற்குக் கொஞ்சமாவது காசு தேற வேண்டும். பேப்பர் எடைக்கு, பட்டுப்புடவை சரிகைக்கு, கிழியாத பேன்ட் எவர்சில்வர் பாத்திரத்துக்கு. ஆவின் பால் கவரைக்கூட அலசி, ஜன்னல் கம்பியில் காயவைத்து, கிலோ கணக்கில் கடையில் போடுகிறவர்கள் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் 'நாலு கிலோ சேரட்டும்' என்று காத்திருப்பதில்தான் அடைசல் தொடங்குகிறது. விலை போகாதது பரணுக்கு ஏறும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, உள்ளிருந்த தெர்மோகோலோடு, வீடு மாறும்போது உதவும் என்று மேலே போய்விடும். மிக்ஸி பழுதாகி வேறு வாங்கிய பிறகும் பெட்டி இறங்காது. அதன்மேல் இரண்டாவது பெட்டி ஏறும்.

இறக்குவதற்கென்று வருடத்தில் ஒரு நாள் உண்டு, போகி. பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் அது சரி. டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிறகு கதை வேறு. 2018 போகியன்று சென்னையைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பதினோரு மாதம் சேர்த்ததை ஒரு விடியலில் தீர்க்கப் பார்ப்பது வீட்டை ஒழுங்கு செய்வதாகாது.

இலங்கையில் வீட்டைச் சுத்தம் செய்யவைப்பது காசு அல்ல, டெங்கு நுளம்பு (கொசு). 2017இல் மட்டும் அங்கே 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்குள் வந்து பார்ப்பார், குடம்பி (நுளம்புப் புழு) இருந்தால் வழக்கும் தண்டமும் உண்டு. தமிழ்நாட்டிலும் மாநகராட்சி ஆட்கள் தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள், அபராதமும் போடுகிறார்கள். ஆனாலும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பி.எச்.ஐ. என்றால் எழுகிற பயம் இங்கே இல்லை.

அந்தப் பயத்தால் இலங்கையில் மாரிகாலத்தில் வாரம் ஒரு முறை வளவைச் சுற்றி வருவது பலருக்குப் பழகிவிட்டது. வாரம் என்பதற்குக் காரணம் உண்டு: முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சிரட்டை, யோகட் கோப்பை, எருமைத் தயிர் வந்த மண்சட்டி, வாழைமரத்தடியில் கிடக்கும் ஓட்டை வாளி எல்லாம் கவிழ்க்கப்படும் அல்லது அகற்றப்படும். பீலியில் அடைந்த இலையும் வழிக்கப்படும். போத்தலும் தகரமும் வாங்க ஆள் வருவார். பால்மாப் பைக்கற்றை மட்டும் எவரும் வாங்குவதில்லை.

வளவு இவ்வளவு துப்புரவு என்பதற்காக உள்ளே எட்டிப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. அலுமாரிக்கு மேலே சூட்கேஸ்கள், அவற்றுக்குள் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து யாரும் போடாத குளிர்ச்சட்டைகள், குசினித் தட்டில் வெறும் சொக்கலேட் டின்கள். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் ஒரு டின்னை எறியத் தயங்கினால் அதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அலுமாரியிலும் தட்டிலும் நுளம்பும் பெருகுவதில்லை, பி.எச்.ஐ.யும் இல்லை, ஆகவே வாரக்கணக்கும் இல்லை.

என்னைக் கேட்டால் எடைக்கடையைவிடவும் போகியைவிடவும் அந்த வாரச் சுற்றே மேல். பொருளின் விலையைப் பார்க்காமல், அது எத்தனை நாளாகச் சும்மா கிடக்கிறது என்று பார்க்கிற ஒரே முறை அதுதான். வளவோடு நிறுத்தாமல் வீட்டுக்குள்ளும் அதைக் கொண்டு வாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து மிக்ஸிப் பெட்டிகளை இறக்குங்கள். எடைக்குக் கிடைக்கிற சில்லறையைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.