பாலர் படநூலும் எழுத்தறிவும்

படமுள்ள புத்தகத்தைக் குழந்தையின் விளையாட்டுப் பொருள்களுள் ஒன்றாகவும், படமில்லாத புத்தகத்தையே கல்விக்கு உரியதாகவும் எண்ணும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. காவியத்தையும் நாவலையும் துருவி ஆராயும் திறனாய்வாளர், நான்கு வயதுப் பிள்ளையின் கையிலுள்ள பதினாறு பக்க நூலை ஒரு நூலாகவே கொள்வதில்லை. ஆயினும் எழுத்தோடு மனிதன் கொள்ளும் முதல் உறவு பெரும்பாலும் அத்தகைய நூலிலேயே உண்டாகின்றது. அவ்வுறவு கோணலாகத் தொடங்குமாயின், பின்வரும் ஆசிரியர் பல்லாண்டு உழைத்தும் அதனை நேராக்குதல் அரிது. ஆதலின் தமிழ்ப் பிள்ளைகளுக்கென வெளிவரும் படநூல்கள் வாசிப்புக்கு மெய்யாகவே துணைசெய்கின்றனவா என்பதை, மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிலே வளரும் பிள்ளையை மனத்திற்கொண்டு நோக்குதல் தகும்.

படத்தால் எழுத்தைக் கற்பிக்கும் முறைக்கு முன்னோடியெனப் பலரும் காட்டுவது, மொராவியரான கொமேனியசு 1658 ஆம் ஆண்டு நியூரன்பேர்க்கு நகரில் வெளியிட்ட ‘ஓர்பிசு பிக்டசு’ என்னும் நூலாகும். இலத்தீன், செருமன் ஆகிய இரு மொழிகளிலும் அமைந்த அந்நூலில், படத்தின் உறுப்புக்களுக்கு எண்ணிட்டு அவ்வெண்ணையே சொல்லின் பக்கத்திலும் இட்டார் அவர். எந்தச் சொல் எந்தப் பொருளைக் குறிக்கின்றது என்ற ஐயத்துக்கு அங்கு இடமில்லை. அதனினும் நுட்பமானது அந்நூலின் தொடக்கத்திலுள்ள அரிச்சுவடி. எழுத்துக்குரிய ஒலியை ஒரு பொருளின் பெயரால் உணர்த்தாமல், காகம் கரைதலும் ஆட்டுக்குட்டி கத்துதலும் போன்ற உயிர்களின் குரலால் உணர்த்தினார் கொமேனியசு. பெயர் ஊருக்கு ஊர் வேறுபடும். காகத்தின் குரல் அவ்வாறு வேறுபடாது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் படநூலாசிரியர் பலர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலே, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலர் (1822–1879), அச்சுக்கூடமும் நிறுவிப் பாலபாடங்களைப் படிமுறையாக எழுதி வெளியிட்டார். அவற்றின் பெருமை படத்தில் இல்லை. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் ஒழுங்கில் உள்ளது. இன்று பல வண்ணங்களிலே கண்ணைப் பறிக்கும் நூல்களுட் பலவற்றில் இல்லாதது அவ்வொழுங்கே. பின்னர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கிப் பிள்ளைகளின் கண்முன் நிறுத்தினார். சொல்லே அங்கு படமாயிற்று. ஆனால் பாட்டு செவிவழி மனத்திற் பதிவது. கண்வழி எழுத்தை அறிவிக்கும் பணி அதனுடையதன்று.

இனி, வீடுகளிலும் பாலர் பாடசாலைகளிலும் மிகுதியாகக் காணப்படும் எழுத்துப் படநூலை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு படம் என்பது அதன் அமைப்பு. அம்மா, ஆடு, இலை என்று தொடங்கி ஓடம், ஔவை என்று அது முடியும். ‘ஓ’ என்னும் எழுத்துக்கு நேரே நீரில் மிதக்கும் ஓர் ஓடம் வரையப்பட்டிருக்கும். வாவிக்கரைப் பிள்ளைக்கு அந்தப் பொருள் புதியதன்று. பிறந்த நாள் முதலாகக் கண்டது. ஆயின் அதனை அப்பிள்ளை ‘தோணி’ என்னும். அல்லது ‘வள்ளம்’ என்னும். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் மிதவையைக் கண்ட பிள்ளையாயின் ‘பாதை’ என்றும் கூறலாம். (நீர்மேற் செல்லும் ஊர்தியைப் பாதை என்று வழங்குதல் பிறநாட்டுத் தமிழருக்கு வியப்பூட்டும், எங்களுக்கு அது அன்றாடச் சொல்.) மூன்று விடையும் சரியானவை, மூன்றும் ‘ஓ’ என்னும் ஒலியிலே தொடங்காதவை. பிள்ளை அறிந்ததைச் சொல்லியும் பிழையென்று திருத்தப்படுகின்றது. எழுத்தைப் பொருளினின்று பெறவேண்டிய பிள்ளை, பொருளை விட்டு ஒலியை மனனஞ் செய்யத் தலைப்படுகின்றது. அந்நிலையில் படத்தால் விளைந்த பயன் யாது?

ஔவையின் கதியும் இதுவே. கோலூன்றிய மூதாட்டியின் உருவத்தைக் கண்டு ‘அம்மம்மா’ என்று கூறாத பிள்ளை இருந்தால் அதுவே வியப்பு. ‘ஈ’ என்னும் எழுத்துக்கு வரையப்படும் ஈயோ, பக்கத்தை நிரப்பவேண்டி, பின்வரும் பக்கத்து எலியினும் பெரிதாகி விடுகின்றது. ஒட்டகத்தைப் பற்றி நான் பெரிதாகக் குறைகூற மாட்டேன். காணாத பொருளைப் படத்திற் காண்பதும் ஒரு கல்வியே, அதன் பெயர் பிறிதொன்றாக மாறும் இடரும் இல்லை. ஊரிற் காணும் பொருளையே வரைக என்று சிலர் வற்புறுத்துவது இதனால் முழு உண்மை ஆகாது. அறிந்த பொருளுக்கு அறியாத பெயரிடுவதே பெரிய கேடு.

இவையெல்லாம் சொற்றெரிவின் குறைகள், திருத்தல் எளிது. ஆழமான குறை வேறொன்று உண்டு. சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு எழுத்தறிவிக்கும் இம்முறை ஆங்கிலம் முதலிய மொழிகளின் நூல்களைப் பார்த்து அமைந்தது. தமிழெழுத்தின் இயல்பு அதற்கு முழுதும் இடந்தருவதன்று. உயிரெழுத்துக்கள் பன்னிரண்டும் தம் வடிவில் சொல்லின் முதலிலேயே பெரும்பாலும் தோன்றுவன. ஏனைய இடங்களில் அவை மெய்யோடு கூடிக் குறிகளாகி மறைகின்றன. தமிழ்ப் பக்கம் ஒன்றை எடுத்து எண்ணிப் பார்ப்போர், அதனை நிரப்பி நிற்பவை உயிர்மெய்யும் மெய்யுமே என்பதைக் காண்பர். பன்னிரண்டு எழுத்துக்கும் பன்னிரண்டு படம் கற்ற பிள்ளை, 216 உயிர்மெய்யின் வாயிலில் எவ்வகைத் துணையுமின்றி நிற்கின்றது. புள்ளியெழுத்துக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மெய் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. ஆதலின் ‘ண்’ என்பதற்கு வண்டையும் ‘ங்’ என்பதற்குச் சங்கையும் காட்டி, சொல்லின் நடுவே மறைந்திருக்கும் ஒலியைத் தேடும்படி பிள்ளையை ஏவுகின்றோம். ஐந்து வயதுச் செவிக்கு நடுவொலி எளிதிற் பிடிபடாது. ஈற்றொலி அவ்வாறன்று. மீன், மான், தேன் என்று மூன்று படங்களை ஒரு பக்கத்தில் வைத்தால், எதுகை இன்பத்தினாலேயே ‘ன்’ பிள்ளையின் நாவில் வந்து நிற்கும். இத்தகைய பக்கத்தை எழுத்துப் படநூல்களில் நான் அரிதாகவே கண்டுள்ளேன்.

குறிகளின் இடமும் கருதற்பாலது. ‘கெ’ என்னும் எழுத்தில் முதலில் ஒலிப்பது ககரம். முதலில் எழுதப்படுவதோ ஒற்றைக் கொம்பு. ‘கொ’ என்பதில் உயிரின் குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. கண் செல்லும் வழியும் காது செல்லும் வழியும் இங்கு வெவ்வேறு. 1978 இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்து பின்னர் இலங்கையிலும் பரவிய எழுத்துச் சீர்திருத்தம், ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிச் சுமையைச் சிறிது குறைத்தது. கொம்பின் சிக்கல் அப்படியே உள்ளது. தமிழைப்போல உயிர்மெய் முறையுடைய கன்னடத்தைக் கற்கும் சிறுவரை ஆராய்ந்து சொனாலி நாக் 2007 இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துக்களைக் கற்று முடித்தல் ஓராண்டிரண்டாண்டில் அமைவதன்று, தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகளுக்கு நீள்வது என்பதைக் காட்டிற்று. அங்ஙனமாயின், முதலாம் ஆண்டோடு படநூலைப் பறித்துவிடும் நம் வழக்கம் எத்துணைப் பொருந்தாதது!

கதைப் படநூலுக்கு வருவோம். இவ்வகையில் நம் நாட்டின் மிகச் சிறந்த ஆக்கமாக நான் கருதுவது, சிங்களத்தில் சிபில் வெத்தசிங்க (1927–2020) எழுதி வரைந்த ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன். பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு யப்பானிலும் பாராட்டப் பெற்றது அது. குடையே காணாத கிராமத்தவர் ஒருவர் நகரிலிருந்து குடை வாங்கி வருகின்றார். வழியிற் கோப்பி குடிக்க நின்றபோது குடை களவு போகின்றது. மீண்டும் வாங்குகின்றார், மீண்டும் போகின்றது. ஈற்றில் குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டுவைத்து, அவை சிந்திய தடத்தைப் பின்பற்றித் திருடனாகிய குரங்கின் இருப்பிடத்தை அடைகின்றார். ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருதலால், அடுத்த பக்கத்தில் வருவதை எழுத்தறியாப் பிள்ளையும் முன்கூட்டிக் கூறும். கூறியது எழுத்திலும் அவ்வாறே உள்ளது என்று காணும்போது எழுத்தின்மேல் அதற்கு நம்பிக்கை பிறக்கும். அன்றியும், சிறு சிறு குறிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து சென்று பொருளை அடைதல் என்னும் அச்செயல், வாசித்தல் என்பதன் உருவமே அன்றோ? ஆசிரியை இதனைக் கருதி எழுதினாரோ இல்லையோ, நூலில் அது உள்ளது.

தமிழில் இதற்கு நிகரான ஆக்கம் அரிது. சோவியத்து நாட்டிலிருந்து 1991 க்கு முன் வந்த தமிழ்ப் படநூல்கள் தாளாலும் ஓவியத்தாலும் உயர்ந்தவை. அவற்றின் தமிழோ பல இடங்களிற் பெரியோர்க்குரியது. சென்னையிலே துளிகா, தாரா ஆகிய பதிப்பகங்கள் 1990 களில் தோன்றி இக்குறையை ஓரளவு போக்கின. 2004 இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையத்தளத்தின் வாயிலாகப் படநூல்களை யாரும் விலையின்றிப் படிக்கவும், பெயர்க்கவும், அச்சிடவும் உரிமை தந்துள்ளது. கதைகளை வாசிப்பு நிலைக்கேற்ப வகுத்தும் வைத்துள்ளது. இது பெரிய உதவி. இலங்கையில் ‘ரூம் டு ரீட்’ அமைப்பும் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்களை வெளியிட்டுள்ளது. ஆயினும் மொழிபெயர்ப்பின் வழி வரும் தமிழ் எவ்வூர்த் தமிழுமன்று. பாடசாலையில் எழுதும் தமிழ் ஒருபுறமும் வீட்டிற் பேசும் தமிழ் ஒருபுறமுமாக ஏற்கெனவே இரு மொழி பயிலும் பிள்ளைக்கு, மூன்றாவது ஒன்றையும் அது சுமத்துகின்றது.

இங்கு ஒரு கேள்வி எழும். ‘மறுகா’ என்றும் ‘கிறுகு’ என்றும் பேசும் பிள்ளைக்கு, ‘பிறகு’, ‘திரும்பு’ என்றே எழுதிக் காட்டவேண்டுமா? எழுத்துமொழியின் தூய்மை கெடும் என்று அஞ்சுவோர் உளர்; அவர் அச்சத்தை நான் இகழேன். பொது எழுத்துமொழி ஒன்று இருப்பதனாலன்றோ மட்டக்களப்பிலும் மதுரையிலும் ஒரே நூலை வாசிக்கின்றோம்? ஆனால் கதை கூறுவோன் கூற்றை எழுத்துமொழியிலும், கதைமாந்தர் பேச்சை அவர் வாய்மொழியிலும் அமைத்தல் நாவலாசிரியர் நெடுங்காலமாகக் கையாளும் முறை. முதியோர்க்கு இசைந்தது பாலர்க்கு மட்டும் ஏன் விலக்கப்படவேண்டும்? தன் வாயிற் பிறந்த சொல் தாளில் நிற்பதைக் காணும் பிள்ளை, எழுத்தென்பது தன் பேச்சின் வடிவே என்று உணர்கின்றது. அவ்வுணர்வின்றி எழுத்தறிவு கால்கொள்ளாது. 1986 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையிலேயே உள்ளது. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஐந்து வயதுப் பிள்ளைகள் வழங்கும் சொற்களை அங்குள்ள மாணவர் தொகுத்துத் தந்தால், படநூலாசிரியர்க்கு அது எந்தக் கோட்பாட்டினும் பயன்படும்.

நல்ல நூலும் தானாக எழுத்தறிவிப்பதில்லை. கனடாவில் எவன்சு, செயின்ற் ஓபின் என்னும் ஆய்வாளர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் கதை வாசிக்கும்போது நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் கண் எங்கே செல்கின்றது என்பதைக் கருவியால் அளந்தனர். கண் படத்திலேயே நின்றது. எழுத்தின்மேற் சென்ற நேரம் மிகச் சொற்பம். இதனைக் கண்டு படத்தை வெறுத்தல் பேதைமை. வாசிப்பவர் விரலால் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் கண்ணும் அவ்விரலைத் தொடரும் என்பதைப் பிறர் ஆய்வுகள் புலப்படுத்தியுள்ளன. வைற்கேசுற்றும் அவருடன் சேர்ந்தோரும் 1988 இல் காட்டியது வேறொன்று: பெரியவர் வினாவ, பிள்ளையே கதையைச் சொல்லும் வகையில் நூலைப் பயன்படுத்தினால் பிள்ளையின் மொழி விரைந்து வளர்கின்றது. கதை சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளிற் குறைவில்லை. எழுத்தறியாத பாட்டியும் படத்தைக் காட்டி ‘இது ஆர், என்ன செய்யிறார்?’ என்று கேட்கலாம். பாடசாலை நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அஞ்சி அலுமாரியிற் பூட்டிவைக்கும் இடங்களில் அவ்வாய்ப்பும் அடைபடுகின்றது. கிழிந்த படநூல் வாசிக்கப்பட்ட படநூல். கணக்கெடுப்பில் அதனை இழப்பாக எழுதுவது அறியாமை.

அச்சுமுறை பற்றியும் ஒன்று கூறவேண்டும். படத்தின் மேலேயே எழுத்தைப் பதித்தலும், ஒரு சொல்லை இரு வரிகளில் முறித்தலும், அழகுக்காக எழுத்தைச் சாய்த்து வளைத்தலும் தொடக்க வாசகனுக்குப் பெருந்தடை. கொம்பு ஒரு வரியின் ஈற்றிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியிலும் நிற்கும் பக்கத்தையும் யான் கண்டதுண்டு. கணினி செய்த பிழையென்று அதனை மன்னித்தல் கூடாது. வரி ஒவ்வொன்றும் ஒரு மூச்சில் வாசிக்கத்தக்க தொடராய் முடியவேண்டும். படத்துக்குரிய வரி அப்படம் உள்ள பக்கத்திலேயே நிற்கவேண்டும். ‘ஓ’ என்னும் எழுத்துக்கு இவ்வூர்ப் பிள்ளைக்கு ஓடம் வேண்டா. கூரையிலும் வேலியிலும் முற்றத்திலும் கிடக்கும் ஓலை உண்டு. ‘ஈ’ என்பதற்கு அவ்வோலையின் ஈர்க்கே போதும். இரண்டையும் ஒரே தென்னையின் படத்தில் வரைந்து, கொமேனியசு செய்தாற்போல ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிட்டால், ஒரு பக்கத்தில் இரண்டு எழுத்தும் அடங்கும்.