அல்ஃபா ஸ்பைடர்: மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய அழகு

1966 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அல்ஃபா ரோமியோ நிறுவனம் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த கார் ஒன்றை அறிமுகம் செய்தது. வடிவமைத்தது தூரின் நகரத்துப் பினின்ஃபரினா நிறுவனம். அதைத் தொடங்கிய பத்திஸ்தா ஃபரினாவின் பார்வையில் உருவான கடைசி வண்டிகளில் ஒன்று அது. அடுத்த மாதமே அவர் காலமானார். புது வண்டிக்குப் பெயர் வைக்க அல்ஃபா ஒரு போட்டி நடத்தியது. ‘துவெத்தோ’ என்ற பெயர் வென்றது. ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு சாக்லேட் பண்டம் விற்பனையில் இருந்ததால், வண்டியில் அந்தப் பெயரைப் பொறிக்க முடியவில்லை. ஸ்பைடர் என்றே விற்றார்கள். மக்களோ துவெத்தோவை விடவில்லை; இத்தாலியில் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

மறு ஆண்டு வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஒரு சிவப்பு ஸ்பைடரை ஓட்டினார். அமெரிக்காவில் அந்த வண்டிக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது. அடிப்படை உடல் மாறாமல் 1993 வரை அது தயாரானது. மொத்தம் ஏறத்தாழ 1,24,000 வண்டிகள்.

இந்த எண்ணிக்கைதான் ஸ்பைடரின் பலம். அதே காலத்து ஃபெராரிகள் பணக்காரர்களின் பூட்டிய கொட்டகைகளுக்குள் போய்விட்டன. ஸ்பைடரை மாதச் சம்பளக்காரர்களும் சேமித்து வாங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறார்கள், ரிப்பேர் செய்கிறார்கள். உதிரி பாகங்களுக்கென்றே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனிக் கடைகள் உள்ளன. ஆனால் இத்தனை வண்டிகள் புழங்கும் சந்தையில் பளபளப்பான பெயிண்டுக்கு அடியில் உளுத்துப்போனவையும் நிறைய. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதும் இந்த வண்டியை ரசிக்கக் கற்றுக்கொள்வதும் வேறு வேறு வேலைகள் அல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அதன் அழகும் முழுதாகப் பிடிபடும்.

முதலில் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. முன்சக்கரத்துக்குப் பின்னால் தொடங்கி, கதவைக் கடந்து பின்பக்கம்வரை ஓடும் ஒரு குழிவான கோடு உண்டு. வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் குழிவு நிழலைப் பிடித்துக்கொண்டு வண்டியை இன்னும் தாழ்வாக, இன்னும் நீளமாகக் காட்டும். பினின்ஃபரினா 1950-களின் பிற்பகுதியில் ‘சூப்பர்ஃப்ளோ’ என்ற பெயரில் செய்து பார்த்த அல்ஃபா மாதிரி வண்டிகளிலேயே இந்த எண்ணத்தின் வித்து இருக்கிறது. முதல் வரிசை ஸ்பைடரின் வால் உருண்டு குறுகி முடியும். கணவாய் மீனின் ஓட்டை நினைவுபடுத்துவதால் இத்தாலியர்கள் அதை ‘ஒஸ்ஸோ தி செப்பியா’ என்பார்கள். 1970-ல் இரண்டாம் வரிசையில் அந்த வாலைச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். அது ‘கோதா த்ரோங்கா’, வெட்டிய வால். டிக்கியில் இடம் கூடியது, வண்டியின் நீளம் குறைந்தது.

எது அழகு என்ற சண்டை அரை நூற்றாண்டாக நடக்கிறது. உருண்ட வால் ஒரு சிற்பம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஓட்டுவதற்கென்று வாங்குபவருக்கு வெட்டிய வாலும் 1971-ல் வந்த 2000 சிசி எஞ்சினும் சேர்ந்த வண்டிதான் சரியான துணை. 1983-ல் வந்த மூன்றாம் வரிசைக்குக் கறுப்பு ரப்பர் பம்பரும் டிக்கி மேல் ஓர் இறக்கையும் ஒட்டினார்கள். அந்த உடலுக்கு அவை பொருந்தவே இல்லை. 1990-ல் நான்காம் வரிசையில் பினின்ஃபரினா அதையெல்லாம் துடைத்து, பம்பருக்கும் வண்டியின் நிறத்தையே அடித்து, வடிவத்தை மீட்டுக்கொடுத்தது. பவர் ஸ்டியரிங்கும் அப்போதுதான் வந்தது.

தள்ளி நின்று பார்த்தது போதும். இனி மண்டியிட வேண்டும்.

ஸ்பைடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; உடலே சட்டகம். கூரை இல்லாத வண்டி என்பதால் அதை நேராகப் பிடித்து நிறுத்தும் பாரமெல்லாம் கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற விளிம்பில்தான் விழுகிறது. அந்த விளிம்பு வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. துருப்பிடிப்பதும் அங்கேதான். மடிப்புக் கூரையிலும் கண்ணாடிக்கு முன்னாலும் விழும் மழைநீர் வடிய வழி வைத்திருக்கிறார்கள்; அந்த வழி இலைச் சருகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் காலத்தில் தகட்டுக்குத் துருக்காப்பும் சொற்பம்தான். எனவே வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாமலேயே நடுத்தகடு கரைந்துபோயிருக்கும். மேலே பட்டி போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தமும் மெல்லிய துணியும் போதும். துணியால் சுற்றிய காந்தத்தை விளிம்பில் ஓட்டினால், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுவிடும். அடுத்தது ஜாக்கி. வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூட வேண்டும். தரையில் இருந்தபோது மூடிய அதே சுலபத்தில் மூடினால் உடல் திடமாக இருக்கிறது. தட்டினால், உரசினால், கதவின் பின் இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக மாறினால், வண்டி நடுவில் தொய்கிறது என்று பொருள். ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கினால் அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை. பிறகு தரை விரிப்பைத் தூக்கி, கால் வைக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அது உட்காரும் குழியையும் பார்க்க வேண்டும். பின்சக்கர வளைவின் உள் ஓரத்தை விரலால் தடவினால் பெயிண்டுக்கு அடியில் கொப்புளங்கள் தட்டுப்படும்.

விற்பவர் இதற்கெல்லாம் முகம் சுளித்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். விளிம்பை முறையாக வெட்டி எடுத்து மூன்று அடுக்கையும் புதிதாக வெல்ட் செய்யும் டிங்கர் வேலை, வண்டி வாங்கும் விலையையே தொட்டுவிடக்கூடும். எஞ்சின் ரிப்பேர் அதன் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் அனுபவசாலிகள், எஞ்சின் ஓடாத ஆனால் தகடு கெடாத வண்டியைத் தேடிப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும் ஸ்பைடர்களுக்கு மவுசு இருப்பதும் இதனாலேயே. வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், இருக்கைத் தையல் விட்டிருக்கும். அவையெல்லாம் மாற்றக்கூடியவை.

உடல் தேறிவிட்டால் பானெட்டைத் திறக்கலாம். இனிதான் விருந்து. ஓராத்ஸியோ சாத்தா புலிகா தலைமையிலான அல்ஃபா பொறியாளர்கள் 1950-களில் உருவாக்கிய நான்கு சிலிண்டர் எஞ்சின் குடும்பம் அது. பிளாக், ஹெட் இரண்டும் அலுமினிய வார்ப்பு. சிலிண்டர் லைனர் மட்டும் வார்ப்பிரும்பு. அதைச் சுற்றி நேரடியாகக் கூலன்ட் ஓடும். மேலே சங்கிலியால் சுழலும் இரண்டு கேம்ஷாஃப்ட். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சூட்டைக் கடத்த சோடியம் அடைத்திருப்பார்கள். அடியில் துடுப்புத் துடுப்பாகச் செதுக்கிய அலுமினிய ஆயில் சம்ப். மற்ற நிறுவனங்கள் பந்தயக் காருக்கு வைத்திருந்த சமாச்சாரங்களை அல்ஃபா தெருவில் ஓடும் வண்டிக்குக் கொடுத்தது. ஐந்து கியரும் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் 1966-லேயே உண்டு. முதல் ஸ்பைடரின் 1570 சிசி எஞ்சின் தந்தது 109 குதிரைத்திறன். வண்டியின் எடையோ ஒரு டன்னுக்குள்.

அந்த எஞ்சினின் குரலைக் கேட்கத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். ஐட்லிங்கில் கொஞ்சம் முரட்டுத்தனமாக, சங்கிலியின் சலசலப்போடு இருக்கும். 3,000 சுற்றைத் தாண்டியதும் காற்றை உறிஞ்சும் ஒலி மேலெழும். ஐரோப்பிய வண்டிகளில் பக்கவாட்டில் கிடக்கும் இரட்டை வெபர் கார்புரேட்டர்களின் தொண்டையிலிருந்து வருவது அது. 4,000-க்கு மேலே சைலன்சரும் சேர்ந்துகொள்ளும். கூரையைத் திறந்துபோட்டு, மலைப்பாதையில் மூன்றாம் கியரில் கேட்க வேண்டிய சத்தம்.

பலவீனம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஆயில் ஏறும் வழிகளைச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் அடைத்துப் பிடிக்கின்றன. வயதானால் அவை இறுகிச் சுருங்கும். ஆயில் வெளியே கசியும். கேஸ்கெட்டும் போய்விட்டால் கூலன்டோடு கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் வெளிர்பழுப்பில் வெண்ணெய் மாதிரி படிந்திருக்கும். குளிர்காலத்தில் கொஞ்ச தூரமே ஓடிய வண்டியிலும் சிறிது படியலாம். அதனால் ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கூலன்டின் மேல் ஆயில் மிதக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டிலும் தெரிந்தால் ஹெட்டை இறக்காமல் தீராது.

ஓட்டிப் பார்க்கும்போது வண்டி ஆறியிருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதே மேல். ஏனென்றால் இந்தக் கியர்பாக்ஸின் நோய் ஆறிய நிலையில்தான் தெரியும்: முதலிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது ஒரு கரகரப்பு. கியர்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் சிங்க்ரோவின் தேய்மானம் அது. லேசாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான ஸ்பைடர்களுக்கு அது உண்டு. ஸ்பைடர் ஓட்டத் தெரிந்தவர்கள் முதல் சில கிலோமீட்டருக்கு நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தி, பிறகு மெதுவாக இரண்டாவதைப் போடுவார்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சாய்ந்து நீளும் அந்தக் கியர் தண்டு ஸ்டியரிங்கிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், இந்தப் பழக்கம் சில நாளில் கைக்கு வந்துவிடும். சூடான பிறகும் கரகரத்தால், அல்லது கால் எடுத்ததும் கியர் தானாக வெளியே குதித்தால், அது செலவு.

நகரத் தொடங்கும்போது அடியில் ஓர் அதிர்வு வந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் தடித்த ரப்பர் இணைப்பைப் பார்க்க வேண்டும். மேலிருந்து சொட்டும் ஆயில் பட்டுப்பட்டு அது வெடித்துவிடும். புதியதை ஓர் உலோகப் பட்டையால் இறுக்கிக் கட்டித்தான் விற்கிறார்கள். போல்ட்டுகளையெல்லாம் மாட்டி முறுக்கிய பிறகே அந்தப் பட்டையை வெட்ட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டினால் ரப்பர் விரிந்துகொள்ளும், துளைகள் நேருக்கு வராமல் அரை நாள் போய்விடும்.

1969 முதல் 1981 வரை அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக ஸ்பைகா என்ற இயந்திரவகை எரிபொருள் பம்ப் இருக்கும். பிறகு போஷ் மின்னணு முறை வந்தது. ஸ்பைகாவைப் புரியாத மெக்கானிக்குகள் பலர் அதைக் கழற்றி எறிந்து வெபர் மாட்டிவிட்டார்கள். இது அநியாயம். நேரத்துக்கு ஃபில்டர் மாற்றி, குளிர்நிலையில் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் வெப்ப ஆக்சுவேட்டர் சரியாக இருந்தால், அது கார்புரேட்டரைவிட ஒழுங்காகவே வேலை செய்யும். எந்த முறையாக இருந்தாலும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்பதால் எரிபொருள் குழாய்களை முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும்.

வாங்கிய பின் பராமரிப்பில் பெரிய ரகசியம் இல்லை, ஒழுங்கு வேண்டும். ஆயில் சூடாகும்வரை 3,000 சுற்றைத் தாண்டாமல் ஓட்டுவது ஹெட் கேஸ்கெட்டின் ஆயுளைக் கூட்டும். அலுமினியமும் வார்ப்பிரும்பும் வேறு வேறு அளவில் விரிபவை என்பதே காரணம். கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அலுமினிய வழிகள் உள்ளிருந்து அரிக்கும். அந்த அழகான சம்ப் தரைக்கு மிக அருகில் தொங்குகிறது; மேடு பள்ளத்தில் வேகமாகப் போனால் உடையும். மாதத்தில் ஒரு முறையாவது அரை மணி நேரம், ஆயில் நன்றாகச் சூடாகும்படி ஓட்ட வேண்டும். நிறுத்தியே வைத்து ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுவது நன்மையைவிடத் தீமை. சைலன்சருக்குள் ஈரம் தங்கித் துருவேறும்.

கூரை தனிக் கதை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் இழுத்து மூடிவிடலாம். அந்தக் காலத்துத் திறந்த கார்களில் இது பெரிய சௌகரியம். ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மாதக்கணக்கில் மடித்தே வைத்தால் துணி சுருங்கி, பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி வெடிக்கும். கொட்டகையில் நிற்கும்போது கூரை மூடியே இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரு முறை நீர் வடியும் வழிகளில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுச் சுத்தம் செய்துவிட்டால், விளிம்புத் தகட்டுக்கு அதைவிட நல்ல காப்பு கிடையாது.

கடைசியாகக் காகிதங்கள். மிலானுக்குப் பக்கத்தில் அரேஸேயில் அல்ஃபாவின் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், வண்டி தயாரான தேதி, முதலில் அடித்த நிறம், போய்ச் சேர்ந்த நாடு ஆகியவற்றுக்குச் சான்றிதழ் பெறலாம். எஞ்சின் எண்ணின் தொடக்கமும் பேசும்: 00536 என்றால் முதல் 1600, 00548 என்றால் 1750, 00512 என்றால் 2000. விளம்பரத்தில் 1750 என்று போட்டுவிட்டு உள்ளே 2000 எஞ்சினை வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. ஓட்ட நன்றாகவே இருக்கும், விலைதான் வேறு. நிறத்திலும் அப்படித்தான். டஸ்டின் ஹாஃப்மனின் புண்ணியத்தில், வெள்ளையாகவும் சாம்பலாகவும் பிறந்த ஸ்பைடர்கள் பல பிற்காலத்தில் சிவப்பாகிவிட்டன. சான்றிதழில் வேறு நிறம் இருந்தால், டிக்கி மூடியின் உள் ஓரத்திலும் கதவுக் கீலுக்குப் பின்னாலும் பழைய பெயிண்ட் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசலாம்.