90 நொடி எதற்காக?

முதல் சர்வரின் கெர்னலை வேண்டுமென்றே க்ராஷ் செய்தபோது பேஸ்மேக்கர் பதறவே இல்லை. விழுந்த சர்வரின் மின்சாரத்தை வெட்டியது, இரண்டாவதில் டிஸ்க்கை மவுன்ட் செய்தது, ஐபி முகவரியையும் அங்கே ஏற்றிவிட்டது. திரையில் எல்லா வரியிலும் 'ஸ்டார்ட்டட்'. ஆனால் கிளையன்ட் மெஷினில் புது ஃபைலைத் திறக்கப்போன எடிட்டர் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நின்றது.

ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் ஓடும் இரண்டு லினக்ஸ் சர்வர், இடையே டிஸ்க்கை நகலெடுக்கும் டிஆர்பிடி, மேலே இந்த கிளஸ்டரை நிர்வகிக்கும் பேஸ்மேக்கர். இந்தக் கூட்டணி ஊரறிந்தது. டிஆர்பிடி 2010-லேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. மூன்று வாரம் ஓட்டிப் பார்த்ததில் பேச்செல்லாம் அந்த 90 நொடியைப் பற்றித்தான்.

என்எஃப்எஸ் 4-இல் எந்த ஃபைலை யார் பூட்டியிருக்கிறார்கள் என்பதை சர்வரே நினைவில் வைத்துக்கொள்கிறது. சர்வர் செத்தால் அந்த நினைவும் போச்சு. பஸ் பழுதாகி எல்லோரும் வேறு பஸ்ஸுக்கு மாறும்போது, ஏற்கெனவே துண்டு போட்டிருந்தவர்கள் முதலில் உட்காரட்டும் என்று கண்டக்டர் புதியவர்களைக் கீழேயே நிறுத்திவைப்பாரே, அந்த அவகாசம்தான் இது; பெயர் கிரேஸ். இயல்பாக 90 நொடி. கிளையன்ட்கள் எல்லாம் 4.1-ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்து, தங்கள் பூட்டுகளை மீட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டால் புதிய கெர்னல்கள் சீக்கிரமே கதவைத் திறந்துவிடும். சோதனையில் ஒரே ஒரு மெஷின் பழைய 4.0-இல் இருந்தது. அது போதும், முழு 90 நொடியும் ஓடியது.

அடுத்த வாரம் ஒரு சோதனையில் காத்திருப்பே இல்லை! மகிழ்ச்சி லாக் ஃபைலைத் திறக்கும் வரைதான். மீட்க வேண்டிய கிளையன்ட் எவரும் இல்லை, அதனால் அவகாசத்தைத் தவிர்க்கிறேன் என்று கெர்னல் எழுதியிருந்தது. கிளையன்ட் பட்டியல் இருக்கும் '/வார்/லிப்/என்எஃப்எஸ்' அந்தந்த சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே கிடந்திருக்கிறது. புதிய சர்வருக்குப் பழையவர்கள் யாரென்றே தெரியவில்லை. முதல் கிளையன்ட் மெஷின் பூட்டி வைத்திருந்த ஃபைலை இரண்டாவது மெஷின் தாராளமாகப் பூட்டிக்கொண்டது. தாமதமாவது கண்ணுக்குத் தெரிகிறது. இது தரவை ஓசையில்லாமல் கெடுக்கும்.

பட்டியலைப் பொது டிஸ்க்குக்கு மாற்ற பேஸ்மேக்கரின் என்எஃப்எஸ் ஏஜென்ட்டில் ஒரு பாராமீட்டர் இருக்கிறது. அதைக் கொடுக்காவிட்டாலும் கிளஸ்டர் முணுமுணுக்காமல் எழுந்துவிடும் என்பதுதான் கோபம் வரவழைக்கிறது. இவ்வளவு முக்கியமான ஒன்றுக்கு ஓர் எச்சரிக்கை வரியாவது வேண்டாமா?

வரிசையிலும் கவனம் வேண்டும். டிஸ்க், என்எஃப்எஸ், எக்ஸ்போர்ட், கடைசியில்தான் ஐபி. ஐபி முந்திக்கொண்டால், இன்னும் எக்ஸ்போர்ட் ஆகாத ஃபோல்டரைத் தேடி வரும் கிளையன்ட்டுக்கு 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' பிழைதான் கிடைக்கும்.

மூன்றாம் வாரத்தில் பட்டியல் டிஆர்பிடி டிஸ்க்குக்குப் போனது. கிளையன்ட் தன் பூட்டுகளைப் புதுப்பிக்க வேண்டிய கெடுவான லீஸ், கிரேஸ் இரண்டு நேரமும் சேர்ந்தே 20 நொடிக்கு இறங்கின. மறுபடியும் க்ராஷ். எடிட்டர் கொஞ்ச நேரம் நின்று, பிறகு திறந்தது. இரண்டாவது மெஷின் அதே ஃபைலைப் பூட்டக் கேட்டது. முதல் மெஷின் தன் பூட்டை விடும் வரை அதற்குக் கிடைக்கவில்லை.