அரவிந்தனின் காது

மலையாள இயக்குநர் ஜி. அரவிந்தனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய ஓவியக் கண்ணிலிருந்துதான் தொடங்குவார்கள். ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே, 1961 முதல் 'மாத்ருபூமி' வார இதழில் ஆண்டுக்கணக்கில் கார்ட்டூன் தொடர் வரைந்தவர் என்பதால் அது இயல்புதான். ஆனால் அவர் இசைக்கலைஞரும்கூட. அவருடைய படங்களைத் தாங்கி நிற்பது கண்ணைவிடக் காதுதான் என்பது என் துணிபு.

ரவிசங்கர் போன்ற மேதைகளோடு தொடங்கிய சத்யஜித் ராய், 1961இல் வந்த 'தீன் கன்யா'விலிருந்து தாமே இசையமைத்தார். அரவிந்தன் போன வழி வேறு. வி. கே. பவித்ரனின் 'யாரோ ஒராள்', ஷாஜி என். கருணின் 'பிறவி' எனப் பிறர் படங்களுக்கு இசை தந்தார். தம் படங்கள் பலவற்றை ராஜீவ் தாராநாத், எம். ஜி. ராதாகிருஷ்ணன், தேவராஜன் ஆகியோரிடம் ஒப்படைத்தார். தம்முடைய இசையறிவை அவர் வைத்துக்கொண்டது காலப் பிரமாணத்துக்கு: ஒரு காட்சி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே மௌனம் வேண்டும் என்பதற்கு.

'போக்குவெயில்' (1981) இதற்குச் சரியான சான்று. முழுத் திரைக்கதை கிடையாது. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலும் ராஜீவ் தாராநாத்தின் சரோதும் வகுத்த இசைக்குறிப்பை ஒட்டியே காட்சிகள் அமைந்தன. தந்தையின் மரணம், நண்பனின் பிரிவு என ஒவ்வொன்றாக இழந்து மனம் சிதையும் இளங்கவிஞனாகப் பாலச்சந்திரன் சுள்ளிக்காடு நடித்தார். அவன் நிலைகுலைவதை வசனம் விளக்குவதில்லை. அவசரமில்லாத ஆலாபனைபோல அது மெல்ல விரிகிறது. கதையின் வேகத்தை எதிர்பார்ப்பவர்களுக்குச் சலிப்பு வரலாம். எனக்கு அவர் படங்களில் மிகத் துணிச்சலானது இதுதான்.

'தம்பு' (1978) வேறு வகை. பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் நிஜ சர்க்கஸ் கூடாரம் போட்டு, வேடிக்கை பார்க்க வந்த ஊர்மக்களின் முகங்களை ஷாஜியின் கேமரா பதிவுசெய்தது. வாய்பிளந்த ஒரு கிழவர், கண்கொட்டாத ஒரு குழந்தை என்று முகம் முகமாகத் தாவும் அந்தத் தொகுப்பில் தாளம் பிசகவே இல்லை.

இந்தச் சுதந்திரத்துக்குப் பணமும் வேண்டியிருந்தது. கொல்லத்து முந்திரி வணிகர் ரவீந்திரநாதன் நாயர் 'காஞ்சன சீதா' தொடங்கி 'போக்குவெயில்' வரை ஐந்து ஆண்டுகளில் ஐந்து படங்களைத் தயாரித்தார். வசூலை முன்னிறுத்தும் முதலாளியிடம் இது நடந்திருக்காது.

'சிதம்பர'த்தை (1985) அரவிந்தனே தயாரித்தார். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி மலைப்பண்ணைக்கு வரும் சிவகாமியாக ஸ்மிதா பாட்டில் நடித்த அந்தப் படம் தில்லைக் கோபுரத்தில் முடிகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு அரவிந்தனை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வாசல் இல்லை.

அவர் 1991இல் மறைந்தார். 'கும்மாட்டி'யும் 'தம்பு'ம் அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. 'தம்பு' 2022இல் கான் விழாவிலும் திரையிடப்பட்டது. நம் திரைப்படச் சங்கங்கள் இவற்றை நல்ல ஒலியமைப்புள்ள அரங்குகளில் திரையிட வேண்டும். மடிக்கணினியில் பார்த்தால் அரவிந்தனில் பாதிதான் கிடைப்பார்.