பிழையே இல்லாத பரிசோதனை!

இயற்பியல் செய்முறைப் பதிவேடுகள் சிலவற்றைப் புரட்டினால் ஓர் அதிசயம் தென்படும். தனி ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் சரியாக 981 செ.மீ./வி² என்றிருக்கும். சதவீதப் பிழை: சுழி. பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பின்கீழ் 'காற்றின் தடை, மனிதத் தவறு' என்று ஒரே வரி. இத்தகைய பதிவேடு முழு மதிப்பெண் பெறலாம். ஆனால் அதில் அறிவியல் இல்லை.

முதலாவதாக, 981 என்பது எந்த ஊரின் மதிப்பு? புவியின் சுழற்சியாலும், நடுக்கோட்டருகே அது புடைத்திருப்பதாலும் இம்முடுக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. 981 ஏறத்தாழ பாரிஸ் நகரத்துக்குப் பொருந்தும். நடுக்கோட்டிலிருந்து 8.7 பாகை வடக்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலியில் அது ஏறத்தாழ 978.1 மட்டுமே. ஆகவே பாளையங்கோட்டையில் ஊசலைக் கட்டி 981 கண்டவர் உண்மையில் 0.3 சதவீதம் விலகியிருக்கிறார். 978 கண்டவரோ, பதிவேட்டின்படி பிழை செய்தவராகிறார்!

இரண்டாவதாக, நம் கருவிகள் அவ்வளவு நுட்பத்துக்கு இடம் தருவதில்லை. ஒரு மீட்டர் நீள ஊசல் 20 அலைவுகளுக்கு எடுத்துக்கொள்வது சுமார் 40 வினாடி. கடிகாரத்தை நிறுத்தும் விரல் 0.2 வினாடி முந்தினாலும் பிந்தினாலும் நேரத்தில் அரை சதவீதப் பிழை. கணக்கில் நேரம் இருமடியாக வருவதால் விடையில் ஒரு சதவீதம், அதாவது ஏறத்தாழ 10 செ.மீ./வி². ஆகவே 978 ± 10 என்று எழுதுவதே நேர்மை. சுழிப் பிழை வந்தால் அது தற்செயலாக இருக்க வேண்டும். அல்லது விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, சதவீதப் பிழை 'எவ்வளவு' என்று சொல்லுமேயன்றி 'ஏன்' என்று சொல்லாது. இரு மாணவர்களுக்கு ஒரு சதவீதம் குறைந்த விடை வந்ததாகக் கொள்வோம். ஒருவருக்கு விரல் தயங்கியது. பலமுறை அளந்து சராசரி கண்டால் அது குறையும். மற்றவர் குண்டின் மையம் வரை அளக்காமல், கொக்கியோடு நிறுத்தி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட்டார். நூறு முறை அளந்தாலும் அது குறையாது. நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, நேரத்தின் இருமடிக்கு வரைபடம் வரைந்து, சாய்விலிருந்து விடை கண்டால்தான் அது நீங்கும். ஊசலை விட்டவுடன் 'ஒன்று' என எண்ணத் தொடங்கி, 19 அலைவை 20 என்று கொண்டால் விடை 11 சதவீதம் கூடிவிடும். இது பிழையன்று, தவறு! காற்றின்மீது பழி போடுவதும் பொருந்தாது. பித்தளைக் குண்டின் அலைவு நேரத்தைக் காற்று மாற்றுவது மிகச் சிறிதளவே. 10 பாகை வீச்சில் ஆட்டினாலோ விடை 0.4 சதவீதம் குறையும்.

பிழையை எப்படி மதிக்க வேண்டும் என்பதற்கு நெல்லைச் சீமையிலேயே சான்று உண்டு. 1865 முதல் 1873 வரை இந்திய நில அளவைத் துறை நடத்திய ஊசல் அளவீடுகளில் கூடங்குளமும் ஒரு நிலையம். பசேவி என்ற அதிகாரி தொடங்கிய பணி அது. 1871-இல் லடாக்கின் மேட்டு நிலத்தில் அளவெடுக்கச் சென்ற இடத்தில் அவர் இறந்தார். ஹெவிசைட் அதை முடித்தார். காற்றை அகற்றிய கலத்தில் ஊசலை ஆடவிட்டார்கள். வெப்பத்துக்கும் வீச்சுக்கும் திருத்தம் செய்தார்கள். அதன் பின்னும் கணக்குக்கும் அளவுக்கும் எஞ்சிய வேறுபாட்டை அவர்கள் அழித்து எழுதவில்லை. கடற்கரையின் அடியில் பாறை அடர்த்தி மிக்கது, மலைகளின் அடியில் குறைந்தது என்ற கருத்துக்கு அந்த வேறுபாடே வலுவூட்டியது.

ஆசிரியர்கள் எண்ணுக்கு மதிப்பெண் தருவதை விட்டு, காரணத்துக்குத் தரவேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் அருகில் அதன் அளவையும் எழுதச் சொல்ல வேண்டும். அப்போது 965 கண்ட மாணவனும் தலைநிமிர்ந்து பதிவேட்டை நீட்டுவான்.